இரண்டு தடவை சோப்பு

சொந்த ஊரிலிருந்து வெகுதூரம் தள்ளி, தார்நாகாவில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் பாட்டில் கழுவுவது என் வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றது. கழுவத் தெரியும்.

அங்கே மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஆராய்ச்சி செய்தாள். என் ஊருக்கு அடுத்த ஊர். எலியின் ஈரலில் ரத்தக்குழாய்க்கு உள்பக்கம் மெல்லிசாக ஒரு வரிசை செல் இருக்குமாம். அதைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்க்க வேண்டும். வளரவில்லை. மறுநாளே உருண்டு மிதக்கும். நாலு மாதம் இப்படி. இன்னும் ஒரே தடவை, இல்லையென்றால் வேறு வேலை பார் என்று அவளுடைய சார் சொல்லிவிட்டார். மருந்தை மாற்றினாள், தட்டை மாற்றினாள். சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

கடைசித் தடவைக்கு முந்தின நாள் என்னிடம் வந்தாள். தன் பாட்டிலில் வெறும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினாள். நுரை பொங்கியது. அடுத்த மேசைக்காரர் பாட்டிலையும் குலுக்கினாள். நுரை இல்லை.

"அண்ணே, எனக்கு மட்டும் ஏன் நுரைக்குது?"

மறைக்க என்ன இருக்கிறது.

"நம்ம ஊர்ப் பிள்ளைன்னு உனக்கு மட்டும் ரெண்டு தடவ சோப்பு போடுவேம்மா."

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருமளவு. சோப்பு பட்டால் செல்லின் தோலே கரைந்துவிடுமாம். நாலு மாதமாகக் கொன்றது நான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவளைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றே அவள் பாட்டில்களை வெறும் தண்ணீரில் பத்துத் தடவை அலசினேன். மறுநாள் காலை என்னையும் கூப்பிட்டாள். வெதுவெதுப்பான திரவத்தை எலி ஈரலின் ரத்தக்குழாய் வழியாக ஏற்றினாள். கருஞ்சிவப்பு ஈரல் டீ நிறத்துக்கு வெளுத்தது. செல்லைப் பிரிக்கிற மருந்து ஏறியதும் கொழகொழத்தது. உதிர்த்தாள், வடிகட்டினாள், மெஷினில் சுற்றவிட்டாள், தட்டில் ஊற்றி இன்குபேட்டரில் வைத்தாள். சாயங்காலம் வரை அதன் கதவருகே நின்றேன். யார் கை வைத்தாலும் அந்த ஊர்ப் பேச்சில் நக்கோ, வேண்டாம் என்றேன். ஒருவர் என்னைக் காவல்காரன் என்றார். இருக்கட்டும்.

மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். என் கையைப் பிடித்து இழுத்தாள். நானும் பார்த்தேன். செல் எல்லாம் தரையில் கல் பாவியது போல விளிம்போடு விளிம்பு ஒட்டிக் கிடந்தது. மிதந்தது ஒன்றிரண்டுதான்.

சார் வந்து பார்த்தார். இதையே செய் என்றார்.

நான் சிரிக்கிற ஆள் இல்லை. அன்று வாய் மூடவே மாட்டேன் என்றது. அவள் எல்லாருக்கும் டீ வாங்கித் தந்தாள். குடித்து முடித்ததும் அவள் கப்பைக் கழுவ எடுத்தேன்.

"அண்ணே," என்றாள். "ஒரு தடவ போதும்."