தொண்ணூற்றாறு ஓட்டைகள்

என் வீட்டுக் கூடத்தில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. பலகையில் பதித்த கண்ணாடிக் குழாய், உள்ளே சிவப்புக் கோடு. இன்று பதினொரு மணிக்கு முப்பத்தாறு காட்டியது. மணிக்கொரு முறை பார்த்துக் குறித்து வைக்கிறேன். திண்டுக்கல் வெயிலை எழுதி வைத்து என்ன ஆகப்போகிறது என்று மருமகள் கேட்கிறாள். நியாயம்தான். ஆனால் எழுதுவதற்காகத்தான் இது பள்ளிக்கு வந்தது.

கொண்டுவந்தவர் ஒரு பொறியாளர் அம்மா. எரியோட்டுக்கு அருகே நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டியவர். பூச்சில்லாத செங்கல் சுவர். அதில் காற்று நுழைய வரிசையாகச் சிறு ஓட்டைகள். மழைநீர் தொட்டிக்கு இறங்குவது பிள்ளைகளுக்குத் தெரிய, உள்ளே பார்க்கக்கூடிய குழாய். “கட்டடமே ஒரு பாடம் சார். புள்ளைங்க தொட்டுப் பார்த்துப் படிக்கட்டும்” என்பார். நான் ஓட்டைகளை எண்ணினேன். அறைக்குத் தொண்ணூற்றாறு. எதில் அணில் வரும், எதில் பாம்பு வரும் என்று கவலைப்பட்டேன்.

அதைவிடப் பெரிய கவலை வேறு. எங்கள் பக்கத்தில் பூசாத வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். பூசாத சுவர் என்றால் பாதியில் நின்ற சுவர். பெற்றோர் சங்கத் தலைவர் மல்லிகைத் தோட்டக்காரர். “என்ன சார், அம்மணமா நிக்குது? திறப்பு விழாவுக்கு அம்புட்டு ஊரும் வரும். நம்ம புள்ளைகளுக்குல்ல கேவலம்” என்றார். நான் தலையாட்டினேன். விழாவுக்கு முந்தைய நாள் நான்கு கொத்தனார்கள் வந்து, இருட்டுவதற்குள் ஏழாம் வகுப்பு அறையை மட்டும் உள்ளும் புறமும் பூசி முடித்தார்கள்.

மறுநாள் பொறியாளர் அம்மா அந்தச் சுவரின் முன் வெகுநேரம் நின்றார்.

“எத்தனை அடைச்சீங்க சார்?”

“தொண்ணூத்தாறு.”

திட்டவில்லை. விழா முடிந்ததும் பையிலிருந்து இரண்டு வெப்பமானிகளை எடுத்தார். ஒன்றை அந்த அறையிலும் மற்றதைப் பக்கத்து அறையிலும் மாட்டினார். தினமும் மதியம் இரண்டு மணிக்குப் பிள்ளைகளே பார்த்து எழுதட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினைந்து நாள் எழுதினார்கள். ஏழாம் வகுப்பு ஒரு நாளும் இரண்டு பாகைக்குக் குறையாமல் கூடுதலாகவே இருந்தது. கருவியில் கோளாறு என்று இரண்டையும் இடம் மாற்றி மாட்டினேன். வித்தியாசம் மாறவில்லை. நோட்டால் விசிறிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து, “சார், நீங்க தெர்மாமீட்டரத்தான் மாத்துனீக. எங்கள மாத்தலையே” என்றாள். முப்பத்தொரு பிள்ளைகளும் சிரித்தார்கள். ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் அந்த அறையில் யாரும் கரும்பலகையைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு முன்பே தெரியும்.

கொத்தனாரை மறுபடி அழைத்தேன். “செத்த நேர வேலை சார்” என்று தலைவர் உளியோடு தானும் இறங்கினார். மூன்று நாள் ஆயிற்று. தொண்ணூற்றைந்து திறந்தன. கடைசி ஒன்றைத் தட்டினால் செங்கல்லே பிளக்கும் போலிருந்ததால் விட்டுவிட்டோம்.

உங்கள் சுவர்தான் சரி என்று அந்த அம்மாவுக்கு எழுத ஏழு முறை உட்கார்ந்தேன். ஏழு கடிதமும் விழாவுக்கு வந்ததற்கு நன்றி என்ற வரியோடு நின்றன. நான் ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒருமுறை பள்ளிக்கு வந்தாராம். “இது பழைய எச்.எம். சார் அடைச்சது” என்று பிள்ளைகள் காட்ட, அந்த ஒரு ஓட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாராம்.

விடைபெற்ற அன்று ஏழாம் வகுப்பு வெப்பமானியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். இப்போது மணி பன்னிரண்டு. முப்பத்தேழரை. என் வீட்டின் நான்கு சுவரும் உள்ளும் புறமும் வழவழவென்று பூசியவை.