நாடு: குண்டூர்

பல்கலைக்கழகத்தின் தொழில்முனைவோர் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன் அல்லவா? பதிலைப் பார்க்க இன்று மலையிலிருந்து சேந்தமங்கலம் இறங்கினேன்.

"வெளிநாட்டு மாணவர்கள் பாஸ்போர்ட் நகல் அனுப்ப வேண்டும்" என்று மெயில் வந்திருக்கிறது.

அன்னாசி ஜாம் போட்டு விற்க ஆசைப்பட்ட நான் எப்போது வெளிநாட்டுக்காரன் ஆனேன்?

அன்றைக்கு எனக்காக விண்ணப்பத்தை டைப் செய்த பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பாய், அதைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"என்ன நாடுன்னு கேட்டதுக்கு நீ என்ன கண்ணு சொன்னே?"

"குண்டூர் நாடுங்க."

எங்கள் மலையில் நாடு என்றால் நாலைந்து ஊர் சேர்ந்தது. வேறென்ன சொல்வேன்? கூட்ட நேரத்தில் அவரும் அப்படியே அடித்துவிட்டார்.

பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, நான் கொல்லிமலைங்க. இந்தியாதானுங்க."

"தமிழ் நல்லாவே பேசறீங்க," என்றார் போனை எடுத்த அம்மா. "ஆனா கம்ப்யூட்டர்ல வெளிநாடுன்னுதான் காட்டுது. கடைசித் தேதியும் முடிஞ்சுருச்சு, இனி மாத்த முடியாது."

பாய் இன்றைய பிரவுசிங் காசு வேண்டாம் என்றுவிட்டார். மிச்சமான அந்தக் காசை வைத்து என்ன செய்ய?

வெளியே மலை பஸ் நிற்கிறது. ஏறினால் நான் வீட்டுக்குப் போகிறேனா, தாய்நாடு திரும்புகிறேனா? யாராவது சொல்லுங்கள்.