மேசை ஓரத்து அட்டை

போன செவ்வாய்க்கிழமை காலை, மியூனிக்கில் என் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி வந்தது. "பாய், ஹில்டே பேசுகிறேன்" என்றது குரல். தேவசகாயம் அண்ணாச்சி என்னைப் பாய் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர் மனைவிக்கும் நான் பாய்தான். மைதீன் என்று எனக்கொரு பெயர் இருப்பதே அந்த வீட்டில் மறந்துபோய்விட்டது. "காலையில் ரொட்டிக்கு மாவு பிசைந்து மூடி வைத்தார். பொங்கட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தார். மாவு பொங்கிவிட்டது, அவர் எழுந்திருக்கவில்லை" என்றார். அவரே தொடர்ந்தார்: "அந்த மாவை நான் சுட்டுவிட்டேன், பாய். வீணாக்கினால் திட்டுவாரே." சொல்லிவிட்டு அழுகைக்கு நடுவில் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணாச்சியை நினைத்தால் வேறு எதுவும் முடியாது.

கார்ல்ஸ்ரூஹே நண்பர்களே, உங்களுக்கெல்லாம் அவர் இரண்டாம் உலகப் போரில், பிரிட்டிஷ் இந்தியப் படையோடு எகிப்தின் எல் அலமெய்ன் பாலைவனத்தில் கண்ணிவெடி எடுத்த வீரர். பொங்கல் விழாவில் ஒரு தடவை பொன்னாடைகூடப் போர்த்தினோம். அன்று அவர் நெளிந்ததைப் பார்த்து, என்ன அடக்கம் என்று கைதட்டினீர்கள். அது அடக்கமில்லை. அவர் தன் வாழ்நாளில் ஒரு கண்ணிவெடியையும் தொட்டதில்லை. போரில் அவர் ரொட்டி சுட்டார். "நானும் கெல்லரும் போன பொறவு நீரே எல்லார்ட்டயும் சொல்லும்" என்று எனக்கு உத்தரவு. அவருடைய சிநேகிதர் கெல்லர் போய் நாலு வருடமாகிறது. ஆகவே இப்போது சொல்கிறேன்.

பொய் பிறந்த நாளன்று நானும் கூட இருந்தேன். அறுபத்தைந்தாம் ஆண்டு, கார்ல்ஸ்ரூஹேக்கு நான் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் ஆராய்ச்சிக்கூடத்தில் கருவிகள் செய்யும் டெக்னீஷியன். நான் அங்கே நீரியல் படிக்க வந்தவன். திருநெல்வேலிக்காரர்கள் இருவர் ஒரே கட்டடத்தில் அகப்பட்டால் கேட்க வேண்டுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம், நல்ல மழை. ஒரு பீர்க்கடைக்குள் ஒதுங்கினோம். மூலையில் பெரிய வட்டமேசை காலியாக இருந்தது. நடுவில் ஒரு பித்தளைப் பலகை. அண்ணாச்சி அதை ஓரமாகத் தள்ளி, தன் ஈரத் தொப்பியை அதன்மேல் காயப்போட்டுவிட்டு, சாவகாசமாகச் செய்தித்தாளை விரித்தார். அது 'ஸ்டாம்டிஷ்' என்பதும், வாடிக்கைக் கூட்டத்தைத் தவிர வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது என்பதும் எங்களுக்கு எங்கே தெரியும்?

கொஞ்ச நேரத்தில் நாலு பேர் வந்து சுற்றி நின்றார்கள். தொப்பியையே பார்த்தார்கள். நான் என் ஆப்பிள் ஜூஸை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர்களில் நெடியவர், டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்த ஹெர் கெல்லர், "இந்தியரா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் அண்ணாச்சி. "போரில் இருந்தீர்களா?" "எல் அலமெய்ன்." "எந்தப் பக்கம்?" "உங்களுக்கு எதிர்ப் பக்கம்தான்." பின்னால் நின்ற ரூடி என்பவர் குபீரென்று சிரித்தார். கெல்லர் சிரிக்கவில்லை. "நானும் அங்கேதான் இருந்தேன். பீரங்கிப் பிரிவு. நீங்கள்?" அண்ணாச்சி ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "கண்ணிவெடி எடுக்கும் பிரிவு" என்றார். கெல்லர் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து அந்த மேசையில் எங்களுக்கும் இடம்.

திரும்பி வரும்போது டிராமில் கேட்டேன். "என்ன அண்ணாச்சி, நீங்க ரொட்டி சுட்டதாத்தான எங்கிட்டச் சொன்னீங்க?"

"அந்த மூஞ்சிகளப் பாத்துட்டு ரொட்டி சுட்டேன்னு எவம்வே சொல்லுவான்? எந்திரிச்சுப் போன்னுருப்பான். வெளிய மழை."

அந்த மேசைக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டாவது கோப்பை வந்ததும், கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டைகளை எல்லாம் திரட்டி மேசையில் போர்க்களம் அமைப்பார்கள். சாம்பல் கிண்ணம் ஸ்டாலின்கிராட். கடுகுக் கிண்ணம் நார்மண்டிக் கடற்கரை. உப்புச்சீசா எல் அலமெய்ன். போர் எங்கே திரும்பியது என்பதுதான் வழக்கு. பனியில் மூன்று விரல்களைப் பறிகொடுத்த ரூடி, சாம்பல் கிண்ணத்தை விட்டு நகர மாட்டார். "அந்தக் குளிர்காலத்தோடு எல்லாம் முடிந்தது. நாங்கள் போயிருக்கவே கூடாத ஊர் அது" என்பார். நார்மண்டியில் பிடிபட்ட இன்னொருவர் கடுகுக் கிண்ணத்தைத் தட்டுவார். அண்ணாச்சியும் கெல்லரும் எதிரெதிரே உட்கார்ந்து, உப்புச்சீசாவைச் சுற்றி அட்டைகளை நகர்த்தி வியர்த்துப்போவார்கள். இவர் கண்ணிவெடி வயலில் பாதை திறப்பார், அவர் பீரங்கியைத் திருப்புவார். பார்த்தால் இரண்டு தளபதிகள்தான். வீட்டுக்கு வந்து அண்ணாச்சி சொல்வார்: "எல்லாப் பயலும் தான் நின்ன எடத்துலதான் சண்ட திரும்பிச்சுன்னு சொல்லுதான், கவனிச்சீரா பாய்?" அவரும் அதையேதான் செய்தார் என்பதை நான் சொல்லிக்காட்டவில்லை.

இப்படியே போயிருந்தால் விளையாட்டாகவே முடிந்திருக்கும். இடையில் ஹில்டே மதினி வந்தார். கெல்லரின் தங்கை. எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் உதிரிபாகக் கிடங்கு அவர் பொறுப்பில் இருந்தது. அண்ணாச்சிக்குத் திடீரென்று தினமும் பித்தளைத் திருகாணி தேவைப்பட்டது. ஓர் ஆண்டில் அவர் வாங்கிய திருகாணிகளை வைத்து ஒரு பாலம் கட்டியிருக்கலாம். நாற்பத்தைந்து வயது பிரம்மச்சாரி, கடைசியில் ஒரு நாள் திருகாணிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கல்யாணத்துக்குக் கேட்டுவிட்டார்.

மதினியின் முதல் கணவர் ஸ்டாலின்கிராடுக்குப் போனவர். 'எல்லாம் நலம், சாப்பாடு நன்றாக இருக்கிறது' என்று கடிதம் மேல் கடிதம் எழுதினார். ஒரு நாள் கடிதம் நின்றது, அவ்வளவுதான். மதினி அண்ணாச்சியிடம் சொன்ன பதில் இது: "என்னிடம் ஒரு பெட்டி நிறையப் பொய்க் கடிதங்கள் இருக்கின்றன. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொரு பொய்யோடு என்னால் வாழ முடியாது. என்னிடமிருந்து மறைக்க உங்களுக்கு ஒன்றுமில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு வந்து அண்ணனிடம் கேளுங்கள்."

அண்ணன் ஏற்கெனவே ஒரு கொள்கை வைத்திருந்தார். "எதிரே நின்று சண்டை போட்டவனை நம்பலாம். பின்னால் இருந்தவனைத்தான் நம்பக் கூடாது" என்று வாராவாரம் மேசையைக் குத்துவார்.

அந்த வாரம் முழுக்க அண்ணாச்சி சாப்பிடவில்லை. "மறைச்சா அவ போயிருவா. சொன்னா அவரு வெளிய தள்ளிருவாரு. அவ இல்லன்னா இந்த ஊரு எனக்கு எதுக்குவே? பெட்டியக் கட்டிருவேன்" என்றார். ஞாயிறன்று துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். டை கட்டியிருந்தார். கழுத்தில் சுருக்கு மாட்டியது போலத்தான் இருந்தது.

கெல்லர் வீட்டில் கேக்கும் காப்பியும் வந்தன. அண்ணாச்சி கோப்பையைத் தொடாமல் எழுந்து நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது மாதிரி ஒரே மூச்சில் சொன்னார்: "ஹெர் கெல்லர், நான் கண்ணிவெடி எடுக்கவில்லை. கண்ணிவெடியைப் பார்த்ததுகூட இல்லை. போர்முனைக்கு வெகுதூரம் பின்னால் ரொட்டி சுட்டேன். இரண்டு வருடமாக உங்களிடம் பொய் சொன்னேன். உங்கள் தங்கையிடம் பொய் சொல்ல முடியாது. மன்னியுங்கள்."

கெல்லரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கரண்டியால் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அதில் அவர் சர்க்கரை போடவே இல்லை. நான் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

"ரொட்டி" என்றார் கடைசியில். "அந்த வெயிலில் மாவு சீக்கிரமே பொங்கி வழிந்துவிடுமே. என்ன செய்தீர்கள்?"

"குழி தோண்டி, அண்டாவை உள்ளே இறக்கி, ஈரச் சாக்கால் மூடினோம்."

"எவ்வளவு ஆழம்?"

"இடுப்பளவு."

கெல்லர் கரண்டியை மேசையில் வைத்தார். "இடுப்பளவா! நாங்கள் முழங்கால் அளவுதான் தோண்டினோம். அதனால்தான் தினமும் வழிந்தது."

'நாங்கள்' என்று சொன்னது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. காது நுனிவரை சிவந்துபோனார். மதினி வாயைப் பொத்தினார், முடியவில்லை. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். "அண்ணனும் படையில் ரொட்டி சுடும் பிரிவில்தான் இருந்தார். பீரங்கி எல்லாம் இந்த ஊருக்கு வந்த பிறகு கிடைத்தது. இருபது வருடமாக அந்த மேசைக்காக நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்!" என்றார்.

கெல்லர் எழுந்து வந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். "முழங்கால் அளவு" என்றார் பெருமூச்சோடு. "அங்கேதான் போர் திரும்பியிருக்கிறது, தேவா. நாங்கள் எவ்வளவு மாவை வீணாக்கினோம் தெரியுமா?" பிறகு மணலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மாவில் மணல், தண்ணீரில் மணல், பல்லில் மணல். கல்யாணத் தேதியைக் குறிக்க மறந்தே போனார்கள், மதினிதான் நாள்காட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "மேசையில் நீங்கள் என்ன வேண்டுமானாலும் புளுகுங்கள், எனக்குக் கவலையில்லை. வீட்டில் கூடாது" என்பது அவர் போட்ட நிபந்தனை.

கல்யாண ரொட்டியை மாப்பிள்ளையும் மைத்துனரும் சேர்ந்து சுட்டார்கள். கார்ல்ஸ்ரூஹே கடையில் வாங்கிய மாவை இருவரும் மூன்று தடவை சலித்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "மணலு வேய்" என்றார் அண்ணாச்சி, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு. நான் மனம்விட்டுச் சிரித்த நாட்களில் அதற்கு இணையான நாள் இல்லை.

வெள்ளிக்கிழமைச் சண்டை நிற்கவில்லை. ஒரே ஒரு மாற்றம். அதன்பிறகு உப்புச்சீசாவைச் சுற்றி அட்டைகளை அடுக்கும்போது, இருவரும் ஆளுக்கோர் அட்டையைத் மேசையில் தங்கள் பக்க ஓரத்தில், மற்ற அட்டைகளைத் தொடாமல் தனியாக வைப்பார்கள். அது என்ன என்று யாராவது கேட்டால், "ரிசர்வ் படை" என்பார் கெல்லர், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு. அண்ணாச்சி எனக்குக் கண்ணைக் காட்டுவார். கெல்லர் போன பிறகு இரண்டு அட்டைகளையும் அண்ணாச்சியே வைத்தார்.

அடக்கம் வெள்ளிக்கிழமை நடந்தது. தேவாலயத்திலிருந்து நேராக அந்தக் கடைக்குத்தான் போனோம், மதினியும் வந்தார். வட்டமேசையில் பழைய ஆட்களில் ரூடி மட்டும்தான் மிச்சம். மதினி கொண்டுவந்திருந்த ரொட்டியைத் துண்டு போட்டார், அண்ணாச்சி கடைசியாகப் பிசைந்த மாவு. ரூடி விரல் குறைந்த கையால் அட்டைகளை அடுக்கினார். சாம்பல் கிண்ணம், கடுகு, உப்புச்சீசா. களம் தயாரானதும் நான் கோப்பையை எடுத்தேன்.

"பொறு" என்றார் ரூடி. இரண்டு அட்டைகளை எடுத்து, ஒன்றை இந்த ஓரத்திலும் மற்றதை அந்த ஓரத்திலும் வைத்தார். "பேக்கரிகளை விட்டுவிட்டோமே."

நான் மதினியைப் பார்த்தேன். அவரும் திகைத்துப்போயிருந்தார்.

"எப்போதிலிருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"இந்த மேசைக்கு ரொட்டிக்கூடை வரும்போதெல்லாம், இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு ஒரு துண்டை எடுத்து, வெந்திருக்கிறதா என்று அடியில் தட்டிப் பார்ப்பார்கள். பீரங்கிக்காரன் எவன் அப்படித் தட்டுவான்?" என்றார் ரூடி. "ஸ்டாலின்கிராடில் எங்களுக்கு ரொட்டி வருவது நின்ற நாள் எனக்குத் தெரியும், பாய். இவர்கள் வெட்கப்பட்டு மறைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இருந்தாலும் அந்த விளையாட்டைக் கெடுக்க மனசு வரவில்லை."

கிளம்பும்போது ரூடி, அண்ணாச்சியின் பக்கத்து அட்டையை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தார். அது இப்போது இதை எழுதும் மேசையின் ஓரத்தில் இருக்கிறது. பக்கத்தில், மதினி கட்டிக் கொடுத்த ரொட்டி. அடியில் தட்டிப் பார்த்தேன். நன்றாக வெந்திருக்கிறது, அண்ணாச்சி.