அரியா என்றதும் நகரும் கை

1. சோதனை ஓட்டம்

கொக்கியில் கான்கிரீட் கட்டை தொங்கிக்கொண்டிருந்தது. புது கிரேனில் எனக்கு அது முதல் நாள். கீழே வார்ஃபில், கப்பல் அணையும் மேடையில், சிக்னல்காரன் அந்தோணி நின்று, "அரியா!" என்று கத்தினான்.

கட்டை இறங்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி அவனை நோக்கிப் போனது. குப்புற விழுந்து தப்பித்தான்.

நான் அப்படிச் செய்ய நினைக்கவே இல்லை. என் இடது கை தானாக முன்னால் போயிருந்தது.

அரியா என்றால் இறக்கு. போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். துறைமுகத்தில் இன்னும் புழங்குகிறது. இத்தனை வருஷம் அந்தச் சொல்லைக் கேட்டே நான் ஓட்டிய பழைய கிரேனில் சரக்கை இறக்க இடது லீவரைத் தள்ளவேண்டும். புதியதில் அதற்கு வலது லீவர். இடதைத் தள்ளினால் கொக்கியைத் தாங்கும் நீளக் கம்பமான பூம் பக்கவாட்டில் திரும்பும். காலை முழுக்க எஞ்சினியர் வாக்கி டாக்கியில் "டவுன்" என்றபோதெல்லாம் சரியாகத்தான் இறக்கினேன். அந்தோணி குரல் கேட்டதும்தான் கை வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது.

"ஏலே முத்து, திங்கக்கிழம சரக்கு எடுக்கையில கப்பலுக்குள்ள நிக்கப்போறது நான்தாம்ல. என்னைய நசுக்கிட்டு எம் பொண்டாட்டிட்ட என்ன சொல்லுவ? கை தெரியாம போயிட்டுன்னா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

2. டாக்டரம்மா சொன்னது

நான் எட்டாவதோடு நின்றவன். கைக்குள் ஏதோ புகுந்துவிட்டதென்றே பயந்தேன். மறுநாள் மத்தியானம் கண்ணயர்ந்தபோது மனைவி உலுக்கி எழுப்பினாள்.

"ஏங்க, தூங்கும்போதும் உங்க எடது கை எதையோ தள்ளிக்கிட்டே கெடக்கு. பாக்கவே பயமா இருக்கு."

சாயங்காலமே துறைமுக கிளினிக்குக்குப் போனேன்.

"கையில ஒண்ணுமில்ல அண்ணாச்சி," என்றார் டாக்டரம்மா. "மூளையில ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி கொடுக்குற இணைப்பு இருக்கு. ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செஞ்சா அது பலமாயிரும். புதுசா பழகுனா, அதுக்குன்னு வேற இணைப்பும் பலமாயிரும்."

"அப்ப பழசு அழிஞ்சிருமாம்மா?"

"லேசுல அழியாது. அங்கனயேதான் இருக்கும். சத்தம் காட்டாது, அவ்வளவுதான்."

ஆறுதலுக்குச் சொன்னார். நான் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

3. விசில்

அந்தோணியிடம், "இனிமே 'இறக்கு'ன்னு சொல்லுடே" என்றேன்.

"அதுக்கென்னல," என்றான். பயிற்சிக்குப் போனோம். கட்டை மேலே வந்ததும், "இற... அரியா!" என்றான். மறுபடியும் என் இடது கை போய், கட்டை பக்கவாட்டில் திரும்பியது. வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். அப்போது அவன் சிரிக்கவில்லை.

விசில் வாங்கி அவன் பல்லுக்கிடையில் வைத்தேன். நீளமாக ஊதினால் இறக்கு, ரெண்டு தரம் ஊதினால் தூக்கு. வாய்க்குள் விசில் கிடந்தால் அந்தச் சொல் வர வழியில்லை. கை சொன்னபடி கேட்கும்வரை வெறும் கொக்கியோடு பழகினோம்.

திங்கட்கிழமை அந்தோணி கப்பலுக்குள் இறங்கினான். உர மூட்டைகள் பிசகில்லாமல் வெளியே வந்தன. டீ நேரத்தில் வார்ஃபில் அவனோடு நின்றேன். பக்கத்துக் கப்பலில் எவனோ, "அரியா!" என்றான்.

என் இடது கையிலிருந்த கிளாஸ் மெல்ல முன்னால் போனது. டீ முழுக்க அந்தோணி சட்டையில். அவன் துடைக்கக்கூட இல்லை. என் கையையே பார்த்துக்கொண்டு, விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

புது மிஷினில் ஏறுகிற தம்பிகளுக்கு: புதுப் பழக்கம் வந்துவிட்டதால் பழையது போய்விட்டது என்று நம்பாதீர்கள். அதை எழுப்புகிற சத்தம் எதுவென்று கண்டுபிடியுங்கள். கீழே நிற்கிறவனிடம் அதைச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.