வத்தல் கையோடு ஜீவனாம்சம் கேட்ட கதை

கமிஷன் கடையிலிருந்து கூலிக்கு எடுத்துவந்த மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறேன். கையில் காரம், அதனால் நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதுகிறாள். பிள்ளைக்காக ஜீவனாம்சம் கேட்டு அலைவதும் ஒரு வேலைதான், தாய்மாரே. என்ன, கூலி வருமா வராதா என்பது கடைசியில்தான் தெரியும். பாப்பாவின் அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். பிரிந்து போனபின் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக்கூட ஒன்றும் தரவில்லை. அப்போது ஆரம்பித்தது என் அலைச்சல்.

சொந்தபந்தத்தில் பேசியது

முதலில் பாலவனத்தத்தில், அவர் வீட்டிலேயே பெரியவர்களை வைத்துப் பேசினோம். நான் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. என் சார்பில் பேச வந்த சித்தப்பாவோ காப்பி நல்லாயிருக்கு என்றதோடு சரி. கடைசியில் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பிள்ளைய இங்கிட்டு விட்டுட்டுப் போகச் சொல்லுங்க, நாங்க வளத்துக்கிடுறோம். பிள்ளை அங்கிட்டு, பணம் மட்டும் இங்கிட்டிருந்துன்னா எப்புடி?"

அன்றைக்குப் பாப்பாவை இடுப்பை விட்டு இறக்கவே இல்லை நான்.

போலீஸ் ஸ்டேஷனில்

பக்கத்து வீட்டு அக்கா சொன்னாளென்று மகளிர் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த போலீஸம்மா, "அடிச்சானா?" என்றார். இல்லக்கா என்றேன். "குடிப்பானா?" இல்லக்கா. "வேற பொம்பள தொடுப்பு?" அதுவும் இல்லக்கா. பேனாவை மூடிவைத்துவிட்டார்.

"இம்புட்டு நல்லவன எந்தக் கேசுல ஆத்தா பிடிக்க? நீ கோர்ட்டுக்குப் போ, அங்க இலவச வக்கீல் இருப்பாக."

இலவச வக்கீல்

மனுப் போட்டால் உறவை அறுத்துவிடுவார்கள் என்று பயந்துதான் அதுவரை அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார். பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்க விவாகரத்து வேண்டியதில்லை. நான் இருக்கிற ஊர்க் கோர்ட்டிலேயே கேட்கலாம், எனக்கு வக்கீல் பீசும் கிடையாது. சமரசம் பேசி ஒத்துவந்தால் சீக்கிரம் முடியும், வராவிட்டால் ஜட்ஜே உத்தரவு போடுவார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"என்கிட்ட தலையாட்டுனாப் போதும்மா. ஜட்ஜுகிட்ட வாயத் தொறக்கணும், அவுக தலையாட்டுறத எழுதிக்கிட மாட்டாக."

சமரசத்தில் அழுதது

சமரசத்துக்குக் கூப்பிட்டிருந்த அன்றைக்குக் காலையில் ஒரு மூட்டை வத்தலைக் கிள்ளி முடித்துவிட்டு, அவசரமாகப் பஸ்ஸு ஏறினேன். சமரசம் பேசுகிற அம்மா முன்னால் உட்கார்ந்ததும் வேர்த்தது. முந்தானையை எடுப்பதற்குள் கையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டேன். அவ்வளவுதான், கண்ணீர் கொட்டுகிறது. வாய் திறக்க முடியவில்லை. அந்த அம்மா தண்ணீரை நீட்டி, "அழாதம்மா, அழாத" என்கிறார். மாமியார், "அழுதே சாதிக்கப் பாக்குறா" என்கிறார்.

பாப்பாவின் அப்பாதான் எழுந்தார். "மேடம், அது அழுகை இல்ல, வத்தல் எரிச்சல். துடைக்கத் துடைக்கக் கூடும். பச்சத் தண்ணிய ஊத்திக் கழுவச் சொல்லுங்க" என்றார்.

சமரசம் பேசுகிற அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"வத்தல் எரிச்சல்னு தெரியுது. அவ எதுக்கு வத்தல் கிள்ளுறாங்கிறது மட்டும் தெரியலயாக்கும்?"

அதற்குப் பிறகு மாமியார் பேசியது எதுவும் எடுபடவில்லை. பிள்ளை என்னோடு இருப்பது, மாதம் பிறந்ததும் அவர் அவள் கணக்கில் பணம் போடுவது, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துப் போவது என்று கையெழுத்தானது. பணம் வராது என்று ஊரே சொல்கிறது. போடவேண்டிய முதல் நாள் இன்றைக்குத்தான். காலையிலிருந்து கை வத்தலிலும் காது போனிலுமாக இருக்கிறேன்.

எங்கம்மா உள்ளேயிருந்து கத்துகிறாள். "ஏத்தா, பேங்குலருந்து மெசேஜு! பாப்பா கணக்குல ஏறியிருக்காம், ஓடியா!"

இந்தா வாரேம்மா! ஆக தாய்மாரே, பேசத் தெரியாதவள் கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகுமோ என்று பயப்படாதீர்கள், போவதற்கு முன்னால் கையை மட்டும்... (அக்கா பாதியிலேயே எழுந்து ஓடிவிட்டாள். தங்கச்சி)