பழைய கில்ட்டின் மடிப்புத் தடங்கள்

மகள் கட்டப்போகிற ஸ்கொட்லாந்துப் பெடியனில் எனக்கு முதல்நாளே நம்பிக்கை வரவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிப்பான். கறி உறைத்துக் கண்ணால் தண்ணீர் ஓடும்போதும் நல்லாயிருக்கு என்பான். இப்படியான ஆட்கள் எதையோ ஒளிக்கிறவர்கள். மண்டபம் புக் பண்ணியாயிற்று என்றாலும், இந்தக் கலியாணத்துக்கு நான் இன்னும் வாய்திறந்து ஓம் சொல்லவில்லை.

லண்டனில் ஃபாரஸ்ட் கேட் பக்கம், வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுச் சேலை பிளவுஸ் தைக்கிறவள் நான். ஒருநாள் அவன் ஒரு பழைய கில்ட்டோடு வந்தான். அவர்களுடைய ஆண்கள் கலியாணத்துக்கு உடுத்துகிற கட்டம்போட்ட கம்பளிப் பாவாடை. அதைப் பிரித்து அவனுடைய இடுப்புக்குத் தைக்க வேண்டுமாம். பின்பக்க மடிப்புகளிலும் கட்டம் குலையாமல் முன்பக்கம் போலவே தெரிய வேண்டுமாம்.

"பழைய உடுப்புக் கடையில வாங்கினது, அம்மா" என்றாள் மகள், அவனை முந்திக்கொண்டு.

எங்கள் ஆட்களில் மாப்பிள்ளைக்குப் புதுக்கோடி உடுப்புத்தான். கலியாணத்துக்குப் பழந்துணி உடுத்துகிறவனை எப்படி நம்புவது? முதல் கலியாணம் ஒன்று முடித்தவனோ என்றுகூட ஐமிச்சப்பட்டேன்.

பிரித்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். சேலைக்குக் கொய்யகம் பிடித்த கைக்கு மடிப்பு பெரிய வேலையா என்று நினைத்தது பிழை. ஒவ்வொரு மடிப்பும் ஒரு முழுக் கட்டத்தை உள்ளே விழுங்கி, வெளியே கட்டத்தின் அடுத்த துண்டைக் காட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கோடுகள் முறிந்து நிற்கும். வீடியோ பார்த்துப் பார்த்து அடுக்கி, நூலோட்டி வைத்தேன்.

அப்போதுதான் பழைய தடங்கள் கண்ணில் பட்டன. முன்பு மடிப்பின் வெளிமுகமாக இருந்த பட்டைகள் வெளுத்துப்போயிருந்தன. எல்லாப் பட்டையின் நடுவிலும் ஒரே வெள்ளைக்கோடு. கட்டத்தைக் காட்டாமல் மடிப்புக்கு மடிப்பு ஒரே கோட்டைக் காட்டுவது பட்டாளத்துக்காரரின் முறை என்று வீடியோவில் தைத்துக் காட்டிய பெண் சொல்லியிருந்தாள்.

கையை எடுத்துவிட்டேன். ஊரில் ஆமி வருகுது என்ற சொல்லுக்கு எத்தனையோ தரம் ஓடிய உடம்பு இது. லண்டனுக்கு வந்தும் அந்தப் பயம் போகவில்லை.

அளவு பார்க்க இருவரும் வந்தபோது, வெளுத்த பட்டையைக் காட்டி, "இது ஆற்றை உடுப்பு?" என்று கேட்டேன். அவன் மகளைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"இவரின்ரை அப்பான்ரை" என்றாள் மகள். "ஆமியிலை இருந்தவர். போன வருசம் காலமாகிட்டார். உங்களிட்டைச் சொல்லுவம், சொல்லுவமெண்டு இவர் கேட்டுக்கொண்டே இருந்தவர். நான்தான் விடேல்லை. கட்டமாத் தைக்கச் சொன்னதும் நான்தான். அப்பான்ரை மடிப்பிலையே உடுக்கத்தான் இவருக்கு விருப்பம். ஆமிக்காரன்ரை மகனெண்டா நீங்கள் ஓமெண்டுவியளோ?"

தமிழ் விளங்காவிட்டாலும் ஆமி என்ற சொல் அவனுக்கு விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டான்.

மனம் எரிந்தது. வெளியாள் என்று அவனை மட்டும் துருவித் துருவிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் ஓட்டிய நூலை உருவினேன். வெள்ளைக்கோட்டை வெளியே வைத்து மடித்தேன். துணி பழைய தடத்தில் தானாகப் படிந்தது. அவன் பக்கத்தில் வந்து மடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அம்மா, இவரோடை கோவமோ?" என்று மகள் மெல்லக் கேட்டாள்.

"இவரோடை இல்லை" என்றேன்.