கிளையை வெட்டி எடுத்த படம்

பல் டாக்டருக்குப் பறவைகள் என்றால் உயிர். அப்படித்தான் அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அவர் மனைவியைக் கேட்டால் வேறு கதை வரும். அவளை யார் கேட்டார்கள்? கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது அவள். ஞாயிறு விடிவதற்குள் கேமரா ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் அவர் பின்னால் ஓடுவதும் அவள்தான். ஐயா தலையிலிருந்து கால்வரை பச்சையில் வருவார். பறவைகள் ஏமாந்தனவோ என்னவோ, கூட வருகிற கும்பல் ஏமாந்துபோய் 'சார், சார்' என்று குழையும்.

அன்றைக்கு மரக்கூட்டம் முடிந்து புதர்வெளி தொடங்குகிற இடத்தில், முட்செடிக்குள் கீச்சான் குருவியின் கூட்டை முதலில் பார்த்தவள் அவள்தான். உள்ளே நாலு குஞ்சுகள், இன்னும் கண் திறக்காதவை. தாய்க்குருவி வாயில் பூச்சியோடு வந்து அவளை முறைத்தது. அவளுக்கு மனசு அப்படியே இளகிவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். சந்தோஷத்தில் புருஷனைக் கூப்பிட்டுத் தொலைத்தாள்.

"இந்தக் கிளை மறைக்குதே!" என்று டாக்டர் பையிலிருந்து கத்தரியை எடுத்தார். செடி வெட்டுகிற கத்தரி! பறவை பார்க்கப் போகிற மனுஷனுக்கு அது எதற்காம்?

"வேண்டாங்க. வெயில் நேரா விழும், குஞ்சுங்க தாங்காது."

"உனக்கென்ன தெரியும்? நீ ஸ்டாண்டைப் பிடி."

சொத்தைப் பல்லைப் பிடுங்குவதுபோல் ஒவ்வொரு கிளையாகச் சுத்தமாக எடுத்தார். வெயில் ஏறியது. தாய்க்குருவி இரை தேடப் போகவில்லை. கூட்டின் விளிம்பில் சிறகுகளை விரித்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு, குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நின்றது.

"அடடா, என்ன போஸ்!" என்றார் டாக்டர். வெட்டிய கிளையை எடுத்து மறைக்கப் போனவளை, "குறுக்கே வராதே!" என்று விரட்டினார்.

மறுநாள் அவள் மட்டும் போய்ப் பார்த்தாள். செத்த குஞ்சுகள் மேல் எறும்பு மொய்த்துக்கிடந்தது.

படத்துக்கு முதல் பரிசு. 'தாயன்பு' என்று பெயர் வைத்து, கிளினிக் சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டிவிட்டார் மனுஷன். வீங்கின கன்னத்தோடு வருகிறவர்கள்கூட அதைப் பார்த்து உருகினார்கள். ஒருநாள் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "குஞ்சுங்களை எப்படி அணைச்சுக்குது! நீங்க நேர்ல பாத்தீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"அணைக்கலைம்மா. படம் எடுக்க டாக்டர் கிளையை வெட்டிட்டாரு. வெயில்ல குஞ்சு சாகுதேன்னு அது மறைச்சு நிக்குது. நாலும் செத்துப்போச்சு."

உள்ளே மெஷின் சத்தம் நின்றது. டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன பேச்சு இது, பேஷன்ட் முன்னாடி?"

"பரிசு கொடுத்தவங்க கேக்கலை," என்றாள் அவள். "இவங்க கேட்டாங்க, சொன்னேன்."